கப்பல் டிக்கெட்: காத்திருப்பதா, முந்திக்கொள்வதா?

சூரியநெல்லி கடைத்தெருவில் இருபது வருடங்களாக ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், போட்டோ, பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், எப்போதாவது ஒரு விமான டிக்கெட். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகள் இன்று எர்ணாகுளம், கோவை, துபாய், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது சில வருடங்களாக ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். டிக்கெட்டை எப்போ எடுத்தா மலிவு?" சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, இதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். சொன்னது வேறு யாருக்கும் அல்ல, எனக்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எந்தக் கப்பல் என்று பார்க்க வேண்டும். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் அரசுக் கப்பல்களுக்கு அந்தத் தீவு நிர்வாகமே கட்டணம் வகுக்கிறது. இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்பது அங்கே இல்லை. அங்கே கவலையெல்லாம் இடம் கிடைப்பதும், தீவில் இறங்க அனுமதிச் சீட்டு வாங்குவதும்தான். கேரள அரசு நிறுவனம் கொச்சியில் விட்டிருக்கும் 'நெஃபர்டிட்டி' என்ற கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்புவது. கே.எஸ்.ஆர்.டி.சி.யின் பட்ஜெட் டூரிசம் பிரிவு பல டிப்போக்களிலிருந்து பஸ்ஸையும் அந்தக் கப்பலையும் சேர்த்தே ஆட்களை அழைத்துப் போயிருக்கிறது. கடலைப் பார்த்தால் போதும், இரவு தங்க வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விலையை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விலை ஏறி இறங்குவது, அறை எடுத்துத் தங்கும் தனியார் சொகுசுக் கப்பல்களில்தான். கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கி, 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. அது 1990-இல் முடிக்கப்பட்ட கப்பல்; நம் லயங்களுக்கு முன்னால் அது குழந்தை. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரைதான் கப்பலுக்கு வசதி.

இனி விலை ஏன் ஆடுகிறது என்பதற்கு வருவோம். தோட்டத்து மனிதர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. காலையில் கிள்ளிய கொழுந்து அன்றைக்கே பேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் கட்டிப் போட்டால் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அதற்கு விலை இல்லை. அதுவே தூளாகிவிட்டால் கதை வேறு. கொச்சி ஏலத்தில் இந்த வாரம் விலை படியாவிட்டால் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கப்பல் அறை என்பது கொழுந்து, தூள் அல்ல. கப்பல் கரையை விட்டு நகர்ந்த நிமிடத்தில், விற்காத அறைக்கு மதிப்பு பூஜ்யம். காலியாக விடுவதைவிட மலிவாகக் கொடுப்பது கம்பெனிக்கு லாபம். ஏறியவர்கள் உள்ளே கடைகளிலும் விளையாட்டுகளிலும் பானங்களிலும் எப்படியும் செலவு செய்வார்கள் அல்லவா?

அப்படியானால் கடைசி வாரம்வரை காத்திருந்தால் போதுமே என்று தோன்றும். அவர்களுக்கும் அது தெரியும். கடைசியில் விலை இறங்கும் என்று ஜனங்கள் பழகிவிட்டால் யாரும் முன்னால் வாங்க மாட்டார்கள். ஆகவே பயணத்தை அறிவித்த புதிதில் ஒரு நல்ல விலை வைப்பார்கள். அறைகள் நிரம்ப நிரம்பப் படிப்படியாக ஏற்றுவார்கள். நிரம்பாமல் போனால்தான் கடைசி வாரங்களில் இறக்குவார்கள். அப்போதும் பல சமயம் விலையில் கைவைக்காமல், குழந்தைக்கு இலவசம், மேல்தர அறை என்று வேறு ஏதாவது கொடுத்துப் பார்ப்பார்கள். கடைசியில் மலிவாகக் கிடைப்பது, மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியது. நம் குடும்பங்களுக்கு வேண்டிய நான்கு பேர் அறை எந்தக் கப்பலிலும் குறைவு. அதுவும், எல்லாவற்றிலும் விலை குறைந்த உள்ளறையும் முதலிலேயே போய்விடும்.

இப்போது என் கதை. என் அம்மா முப்பத்து நான்கு வருடம் கொழுந்து எடுத்தவர். அப்பா பேக்டரியில் இருந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடேயே இருந்தார். மூவரும் பெரிய தண்ணீர் என்று பார்த்ததெல்லாம் ஆனையிறங்கல் அணைதான். இவர்களைச் சென்னையில் ஏற்றி, இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏப்ரல் மாதம் விலை பார்த்தேன், ஆகஸ்டு மாதத்துப் பயணத்துக்கு. நான்கு பேர் அறை இருந்தது. ஆனால் டிக்கெட் வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. 'கொழுந்து வாடட்டும், தானாக இறங்கி வருவான்' என்று காத்திருந்தேன்.

இறங்கத்தான் செய்தான். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆளுக்கு நாலாயிரம் ரூபாய் குறைந்தது. நான்கு பேருக்குப் பதினாறாயிரம். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு பேர் அறை எல்லாம் போய்விட்டது. இரண்டு அறை எடுக்க வேண்டும். போடியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில் காத்திருப்போர் பட்டியல் அறுபதைத் தாண்டியிருந்தது. தட்கலை நம்பி மூன்று வயதானவர்களைப் போடிமெட்டு இறக்க முடியுமா? கார் எடுத்தால் போக வர ஆயிரத்து நூறு கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய் என்றால் 15,400. டிரைவர் பேட்டாவும் சுங்கமும் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது அப்படியே கரைந்தது. இரண்டாவது அறையின் செலவு அதற்கு மேலே. ஏப்ரலில் எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றார் அப்பா. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. கப்பலுக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டு சேலையை மறுபடி பெட்டியில் வைத்தார். அந்த மார்கழிக் குளிரில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டியது. தை முடிவதற்குள் போய்விட்டார்.

அடுத்த வருடம் மூன்று பேராகப் போனோம்.

கடைசி நேர மலிவு விலை பொய் என்று நான் சொல்லவில்லை. அது ராயபுரத்திலும் மட்டாஞ்சேரியிலும் செம்பூரிலும் இருப்பவர்களுக்கு. ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு, லீவு கேட்க வேண்டாதவர்களுக்கு, எந்த அறையானாலும் சரி என்பவர்களுக்கு. மலையிலிருந்து இறங்குகிற நமக்குக் கப்பல் விலை பயணத்தின் ஒரு பாதிதான். மறு பாதி துறைமுகம் போய்ச் சேர்கிற செலவு. முதல் பாதி குறையும் நாளில் இரண்டாவது பாதி உச்சத்தில் இருக்கும்.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை 2010 டிசம்பர் கடைசியில் மூடப்பட்டது. அகலப் பாதையாகி, போடிக்கு மறுபடி பயணிகள் ரயில் வந்தது 2023 ஜூன் 15-இல். சென்னை ரயிலும் அன்றுதான், வாரம் மூன்று நாள் ஓடும் வண்டியாகத் தொடங்கியது. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே ரயிலில் இடம் பிடிக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆகிவிட்டது. ஆகவே நாலைந்து மாதத்துக்கு முன் கப்பலுக்குப் பணம் கட்டும்போது ரயில் கையில் இருக்காது. அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து ரயிலை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் கப்பலை ரத்து செய்ய எவ்வளவு பிடிப்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே படித்துப் பார்த்திருக்க வேண்டும். நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். கடைசி நாட்களில் ஒரு பைசா திரும்பாது. நான் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் ரத்து விதி தாராளமாக உள்ள டிக்கெட்டையே எடுக்கச் சொல்வேன்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் நடந்தது. 2018 குறிஞ்சி பூத்த வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பதால் மூணாறு சுற்று வட்டாரத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே அறை பிடித்து வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளம் வந்தது, சாலைகள் அறுந்தன. பணம் திரும்பாத அறை எடுத்தவர்கள் பணத்தையும் விட்டார்கள், பூவையும் விட்டார்கள். மழை நின்றபின் வந்தவர்கள் இங்கிருந்து ஜீப் ஏறிக் கொழுக்குமலைக்குப் போய்ப் பூவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் காத்திருந்தவன்தான் ஜெயித்தான். ஆகவே முந்திக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டு முந்துங்கள் என்று பொருள் இல்லை.

மழைக்காலத்து மலிவு விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-லும் 2020-லும் கேப் ரோட்டில் மலை சரிந்து வழி அடைபட்டது நமக்கு மறக்காது. கொச்சியில் ஏறுவதானாலும் போடி வழியே சென்னை போவதானாலும் ஒரு நாள் முன்பே போய்ச் சேருவது நல்லது. மண் சரிந்தது, யானை வழிமறித்தது என்று சொன்னால் பள்ளிக்கூடத்து வாத்தியார் நம்புவார், கப்பல் நிற்காது. அந்த ஒரு நாள் அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வரும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். ஒரு பேச்சுக்குத் தலைக்கு 20,000 என்று போட்டிருந்தால், அது ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கு. தனியாளாகப் போனால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் விழும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. இதற்குமேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. உண்டு. முப்பது சதவீதம் தள்ளுபடி என்றால் அது முதல் எண்ணுக்குத்தான்; துறைமுகக் கட்டணத்துக்கு யாரும் தள்ளுபடி கொடுப்பதில்லை. கடைசியில் கட்டும் தொகையை எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் ஒப்பிடுங்கள். நான் பார்த்தவரை வெள்ளி, சனியை விட்டு வார நடுவில் கிளம்பும் பயணம் குறைவு. கோடை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஆனை விலை. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடுகளுக்குப் பரீட்சை மாதங்களான பிப்ரவரி, மார்ச் நல்ல காலம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே பெற்றோருக்குக் கப்பல் பிடிப்பதானால் கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்கா, ஐரோப்பா பக்கத்துப் பெரிய கம்பெனிகள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளை அள்ளி வீசும். முன்பணம் கட்டி அறையைப் பிடித்துவிட்டு, மீதியைப் பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்புவரை கட்டலாம். அந்தக் கெடுவுக்குள் விலை இறங்கினால், எங்களுக்கும் அந்த விலை போடுங்கள் என்று கேட்கலாம். பலர் போட்டுக் கொடுக்கிறார்கள். கெடு தாண்டினால் கேட்டுப் பயனில்லை. கரீபியன் கடலில் செப்டம்பர், அக்டோபர் மலிவு. அது புயல் காலம் என்பதும் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றோருக்கு விசா முத்திரை விழுந்திருக்க வேண்டும். அது வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் எடுப்பது சூதாட்டம்.

எங்கள் இரண்டாவது முயற்சியில் நான் நாலரை மாதத்துக்கு முன் எடுத்தேன். எடுத்தபின் விலை ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு குறைந்தது. அன்றோடு விலை பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உள்ளறைக்குப் பதில் ஜன்னல் வைத்த அறை எடுத்திருந்தேன். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. விடிந்ததும் வெளிச்சம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஜன்னல் இல்லாத அறை மூச்சு முட்டும். அம்மா விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார், மஸ்டருக்குப் போகிறவர் போல. சித்தியின் சேலையில் ஒன்றைத்தான் கட்டியிருந்தார்.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தியத் துறைமுகத்தில் ஏறி இந்தியாவிலேயே இறங்கும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், அரசு அடையாள அட்டை போதும். ஆனால் நம் ஆட்களுக்குத் தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. பேச்சியம்மாள் ஓரிடத்தில் வெறும் பேச்சியாக இருப்பார். டிக்கெட்டில் பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறகு திருத்தப் போனால் பணம் கேட்பார்கள், சில இடத்தில் புது விலையே போடுவார்கள். அதனால் விலை கேட்க என் கடைக்கு வரும்போது அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும்.