கூரையைத் தாங்கியது காற்று, வீழ்த்தியது வெண்பனி

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று அழைப்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், சில வேளைகளில் உதைத்தும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. தொழில்முறைக் குழுக்களின் ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கிக் கடுங்குளிர் காலம் வரை நீளும். மின்னியாபொலிஸ் நகரின் 'மினசோட்டா வைக்கிங்ஸ்' குழு 2016-ஆம் ஆண்டுப் பருவத்தில் புதியதோர் அரங்கில் ஆடத் தொடங்கியது. அதன் கூரை செங்குத்தாகச் சரிகிறது. பாதிக்கு மேல் ஒளி புகுகிறது. இந்த விந்தை வடிவம் எதற்காக? விடை காண, அதே இடத்தில் முன்பு நின்ற அரங்கின் கதையை அறிய வேண்டும்.

காற்றே தூண்

1982-இல் திறக்கப்பட்ட பழைய அரங்கின் பெயர் மெட்ரோடோம். அதன் கூரையின் பரப்பு ஏறத்தாழ 4 ஹெக்டேர். ஆனால் உள்ளே அதைத் தாங்கத் தூண் ஒன்றுகூட இல்லை! டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியும் எஃகு வடங்களுமே கூரை. பெரிய மின்விசிறிகள் இடைவிடாது காற்றைச் செலுத்தி, உள்ளே இருந்த அழுத்தத்தை வெளியழுத்தத்தைவிடச் சற்றே மிகுதியாக வைத்திருந்தன. அந்தச் சிறு வேறுபாடே துணியைத் தூக்கி நிறுத்தியது. காற்று வீணாகாதிருக்க, மக்கள் சுழல் கதவுகள் வழியே சென்று வந்தனர்.

பனியின் எடை என்ன?

2010 டிசம்பரில் அந்நகரில் ஏறத்தாழ 43 செ.மீ. உயரத்திற்கு வெண்பனி கொட்டியது. புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி, நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் 43 கிலோகிராம் பனி இருக்கும். 4 ஹெக்டேர் என்பது 40,000 சதுர மீட்டர். ஆகவே கூரை முழுவதும் பனி தங்கினால் அதன் எடை 1,720 டன்!

இதையே அழுத்தமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 420 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. "அவ்வளவுதானா? விசிறிகளைச் சற்று விரைவாகச் சுழற்றினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பனி சீராகப் பரவியிருந்தால் அது நடக்கக்கூடும். காற்று எல்லா இடத்தையும் ஒரே அளவாகத்தான் தள்ளும். ஆனால் பனி ஒரே அளவாகத் தங்குவதில்லை. காற்று அதை வாரி ஓரிடத்தில் குவிக்கிறது. குவிந்த இடத்தில் துணி குழிகிறது. குழி விழுந்ததும், சுற்றியுள்ள பனியும் உருகிய நீரும் அதை நோக்கியே வருகின்றன. பாரம் கூடக் குழி ஆழமாகிறது. குழி ஆழமாகப் பாரம் மேலும் கூடுகிறது.

டிசம்பர் 12-ஆம் நாள் ஞாயிறு அதிகாலையில் துணி கிழிந்தது. பனி ஆடுகளத்தின்மேல் அருவிபோல் கொட்டியது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவுடன் நடக்கவிருந்த ஆட்டம் டெட்ராய்ட் நகருக்கு மாற்றப்பட்டது.

குளிரில் சுருங்கும் காற்று

மெட்ரோடோம் 2014-இல் இடிக்கப்பட்டது. புதிய அரங்கு எழும்வரை, இரண்டு பருவங்கள் வைக்கிங்ஸ் குழு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் ஆடியது. 2016 ஜனவரி 10 அன்று, சியாட்டில் குழுவுடன் ஆடியபோது வெப்பநிலை சுழிக்குக் கீழ் 21 பாகை செல்சியஸ்!

அக்குளிரில் பந்து என்னவாகும்? பந்தின் உள்ளே, வெளியழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் இருக்குமாறு 21 பாகை வெப்பமுள்ள அறையில் காற்றடைத்ததாகக் கொள்வோம். வளிமண்டலத்தின் 14.7 பவுண்டையும் சேர்த்தால் மொத்தம் 27.7. வெப்பநிலை 294 கெல்வினிலிருந்து 252 கெல்வினுக்கு இறங்கினால், மொத்த அழுத்தம் ஏறத்தாழ 23.7 ஆகும். 14.7-ஐக் கழித்தால் மிஞ்சுவது 9 பவுண்டே. (பருமன் மாறவில்லை என்று கொண்டோம்.)

சரிவே காப்பு

2016-இல் திறக்கப்பட்ட யு.எஸ். பேங்க் அரங்கில் கூரையைத் தாங்குவது எஃகுச் சட்டகம். கூரையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஈ.டி.எஃப்.இ. என்னும் ஒளிபுகும் நெகிழியால் ஆனது. அதன் படலங்களுக்கு இடையே காற்றடைத்துத் தலையணைகள்போல் பொருத்தியிருக்கிறார்கள். இங்கேயும் காற்று உண்டு. ஆனால் அது தலையணையை விறைப்பாக வைக்கிறதே அன்றிக் கூரையைத் தாங்குவதில்லை. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள்.

சரிவு கூடக்கூட, பனியின் எடையில் சரிவு வழியே கீழிழுக்கும் கூறு கூடும்; பரப்பை அழுத்தும் கூறு குறையும்; அதனால் உராய்வும் குறையும். வழுவழுப்பான நெகிழியில் பனி சறுக்கி இறங்கிவிடும். உள்ளழுத்தம் தேவையில்லை என்பதால் கதவுகளையும் அகலத் திறக்கலாம். இவ்வரங்கில் 23 மீட்டருக்குக் குறையாத உயரமுள்ள ஐந்து கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. மெட்ரோடோமில் இப்படிச் செய்திருந்தால் கூரையே படுத்திருக்கும்!

எனினும் ஒரு தீர்வு புதிய சிக்கலைக் கொண்டுவருவதும் உண்டு. கண்ணாடிச் சுவர்களில் வானமும் மரங்களும் தெரியும். மிசிசிப்பி ஆற்றை ஒட்டி வலசை செல்லும் பறவைகள் அதை வெட்டவெளி என்று நம்பி மோதுகின்றன. முதற்பருவம் நடந்த 2016-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே பல பறவைகள் மடிந்தன.

ஆட்டம் என்னவாயிற்று? செப்டம்பர் 18 அன்று புதிய அரங்கில் நடந்த முதல் பருவ ஆட்டத்தில் கிரீன் பே பாக்கர்ஸ் குழுவை 17-14 என்று வைக்கிங்ஸ் வென்றது. முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்ற அக்குழு, பருவ முடிவில் 8 வெற்றி, 8 தோல்வியுடன் நின்றது. கூரை பனியைத்தான் தடுக்கும், தோல்வியை அன்று!

செய்து பாருங்கள்: ஒரு பாலித்தீன் பையில் தளர்வாகக் காற்றடைத்து வாயைக் கட்டுங்கள். அதன்மேல் மணலைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். முதலில் எங்கே குழி விழுகிறது? அடுத்துத் தூவும் மணல் எங்கே போய்ச் சேருகிறது? பிறகு ஒரு விரித்த குடையின்மேல் அதே மணலைத் தூவி ஒப்பிடுங்கள்.