மாநாட்டுக்குப் போகிறவர் மலையும் கடலும் பார்க்கலாமா?

அகில இந்திய மாநாடு விசாகப்பட்டினத்தில் நடக்கிறது என்று சுற்றறிக்கை வந்துவிட்டால் போதும், பிரதிநிதியாகப் போக ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் மலைத்தொடர். நடுவில் துறைமுகம். யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது?

மும்பையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று தனி விடுப்பு கிடைப்பது அரிது. இருக்கிற விடுப்பு எல்லாம் பொங்கலுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் சொந்த ஊர் போய் வருவதிலேயே தீர்ந்துவிடும். வேலை விஷயமாகக் கிடைக்கும் பயணம்தான் புது ஊர் பார்க்க அவர்களுக்கு வாய்க்கும் வழி.

ஆனால் பிரதிநிதி போவது மற்றவர்கள் கட்டிய சந்தாப் பணத்தில். ஊதியத் தீர்மானத்தின் மீது விவாதம் நடக்கும்போது அவர் கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திரும்பி வந்து கிளைக் கூட்டத்தில் என்ன சொல்வார்?

விசாகப்பட்டினத்தில் அந்தச் சங்கடத்துக்கு இடமில்லை. அமர்வு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பார்க்கக் கூடியவையே அங்கு நிறைய உண்டு.

காலையில் கடற்கரை

கிழக்குக் கடற்கரை ஆதலால் சூரியன் கடலிலிருந்தே எழும். விடியுமுன் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போய்விட்டால், குளித்துச் சிற்றுண்டி முடித்து அமர்வுக்கு நேரத்தோடு வந்துவிடலாம்.

கடலைப் பார்த்து நின்றால் வலப்புறம் ஒரு மலை நீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 'டால்பின் மூக்கு' என்றே பெயர். உச்சியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மலை காற்றையும் அலையையும் தடுத்து நிற்பதால்தான் அதன் மறைவில் துறைமுகம் அமைந்தது. துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் கட்டிய 'ஜல உஷா' என்ற கப்பலை 1948இல் இங்கேதான் பிரதமர் நேரு கடலில் இறக்கி வைத்தார்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கடல் பார்க்க மட்டுமே. நீரோட்டம் காலை வாரிவிடும். அலையில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. கூட வந்தவர்கள் ஆசை காட்டினாலும் குளிக்க இறங்கக் கூடாது.

மாலையில் நீர்மூழ்கி

கடற்கரைச் சாலையிலேயே 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. 91 மீட்டர் நீளம். 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே காட்சிக்கூடம் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்து பார்க்கலாம். குழாய்களுக்கும் கருவிகளுக்கும் இடையில் படுக்கைகள் செருகியிருப்பதைக் கண்டால், மும்பையில் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியவருக்குக்கூடப் பெருமூச்சு வரும்.

அருகில் 1971 போர் நினைவுச் சின்னம் உள்ளது. அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கிக் கப்பல் இந்தக் கரைக்கு அப்பால்தான் மூழ்கியது.

இன்னொரு மாலை கைலாசகிரிக்கு. இழுவைக் கம்பி வண்டியில் ஏறி உச்சிக்குப் போனால் கடற்கரை வளைந்து போவது தெரியும். இருட்டியதும் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியும்.

துறைமுகத்தை ஒட்டி மூன்று குன்றுகள் உள்ளன. ஒன்றில் வெங்கடேசுவரர் கோயில், ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா. மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. பல மொழி பேசும் பிரதிநிதிகள் சேர்ந்து பார்க்க ஏற்ற இடம்.

ஒரு நாள் கூட்டிக்கொண்டால்

மாநாடு முடிந்த மறுநாள் சொந்த விடுப்பில் தங்குவதில் தவறில்லை. நகரை ஒட்டியுள்ள சிம்மாசலத்தில் வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். அட்சய திருதியை அன்று மட்டுமே நிஜ உருவம் காணலாம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. விசாகப்பட்டினத்துக்கே ஒரு காலத்தில் குலோத்துங்க சோழபட்டினம் என்ற பெயர் வழங்கியது.

மலை பார்க்க விரும்புகிறவர் காலையில் கிரந்துல் போகும் ரயிலில் ஏறி அரக்கு போகலாம். இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1960களில் போட்ட பாதை இது. சுரங்கம் மாற்றிச் சுரங்கமாக வண்டி மலை ஏறும். சிமிலிகுடா நிலையம் கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர் உயரம். வழியில் பொர்ரா குகைகள். சுண்ணாம்பு கலந்த நீர் சொட்டிச் சொட்டிக் கல்லான உருவங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் திரும்பிவிடலாம்.

கணக்கு தனித்தனி

மத்திய அரசு ஊழியர் அலுவல் பயணத்தின் நடுவே சாதாரண விடுப்பு எடுத்தால் அந்த நாளுக்குத் தினப்படி கிடையாது. சங்கப் பிரதிநிதியும் இதையே பின்பற்றுவது நல்லது. மாநாட்டுச் செலவு ஒரு தாளில், அரக்குச் செலவு இன்னொரு தாளில் இருக்கட்டும். கூடுதல் நாள் அறை வாடகை சொந்தப் பையிலிருந்து போகட்டும். மனைவி மக்களை அழைத்துப் போகிறவர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சங்கப் பணத்தில் குடும்பம் சுற்றியது என்ற பேச்சு ஒரு முறை கிளம்பினால், அடுத்த தேர்தல் வரை ஓயாது.

டிக்கெட் எடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். சில வண்டிகள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் வராமல் துவ்வாடாவோடு ஒதுங்கிப் போய்விடும். நள்ளிரவில் அங்கே இறங்கினால் ஆட்டோவுக்குத் தனிச் செலவு. புயல் வரும் அக்டோபர், நவம்பரில் வானிலை அறிக்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2014 அக்டோபரில் 'ஹுட்ஹுட்' புயல் இந்த நகரைத்தான் புரட்டிப் போட்டது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏட்டிகொப்பாக்க மரப் பொம்மை வாங்கலாம். அலுவலக நண்பர்களுக்கு மாடுகுல அல்வா போதும். ஆனால் சந்தா கட்டியவர்கள் முதலில் எதிர்பார்ப்பது அல்வாவை அல்ல. எந்தத் தீர்மானம் நிறைவேறியது, எது தோற்றது, ஏன் தோற்றது என்பதைத்தான். அதைச் சொல்லி முடித்துவிட்டு அரக்கு மலையைப் பற்றிப் பேசினால், எல்லாரும் ஆவலோடு கேட்பார்கள்.