மலையைச் சுற்றும் கண்



ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வோர்க்குச் சிவனொளிபாதமலை கூர்மையான கூம்பாகக் காட்சி தரும். வேறொரு திசையில் நின்று நோக்கின் அதன் வடிவம் மாறித் தோன்றும். மாறியது மலையன்று, நாம் நிற்கும் இடமே. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் கொண்ட உருவங்களைக் கணினியில் அமைக்கக் கற்போர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவேயாகும்.

'பிளெண்டர்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டு முதல் திறந்த மென்பொருளாக விளங்கும் இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். இதில் சுட்டியின் நடுச்சக்கரத்தை அழுத்தியவாறு நகர்த்தினால், நம் பார்வை உருவத்தைச் சுற்றிவரும். ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால், பார்வை பக்கவாட்டிலும் மேலுங்கீழும் நகரும். சக்கரத்தை உருட்டினாலோ உருவத்தை அணுகும், அல்லது விட்டு அகலும்.

சுற்றும்போது உருவம் திரையைவிட்டு மறைந்ததென்று புதியவர்கள் திகைப்பதுண்டு. சுற்றுகின்ற மையம் வேறிடத்தில் இருப்பதே அதற்குக் காரணம். உருவத்தைத் தெரிவுசெய்து, எண்விசைகளின் அருகிலுள்ள புள்ளியை அழுத்தினால், அது மீண்டும் நடுவே வந்து நிற்கும்.

தொலைவிலுள்ள தேயிலை நிரைகள் நெருங்கித் தோன்றுவதையும், புகையிரதத் தண்டவாளங்கள் ஒன்றுகூடுவதுபோல் காண்பதையும் நாம் அறிவோம். திரையிலும் அவ்வாறே தோன்றும். ஆனால் அளவெடுப்பதற்கு அக்காட்சி உதவாது. எண்விசை 5ஐ அழுத்தினால், தொலைவினால் எதுவும் சிறுக்காத காட்சி கிடைக்கும். 7 மேலிருந்தும், 1 முன்னிருந்தும், 3 வலப்புறமிருந்தும் காட்டும்.

இது வெறும் விளையாட்டன்று. சமவுயரக் கோடுகள் கொண்ட நிலப்படத்தைக் கொண்டு ஒரு மலைச்சரிவையே கணினியில் உருவாக்கலாம். மேலிருந்து பார்த்தால் அச்சரிவு விரித்த பாய்போலத் தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டில் நின்று நோக்கினால்தான், லயன் வீடுகளுக்கு மேலே நிலம் எவ்வளவு செங்குத்தாக எழுகின்றது என்பது புலப்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: அழகுக்காக உயரத்தை மட்டும் பெருக்கிக் காட்டும் வழக்கமும் உண்டு. அத்தகைய உருவத்தில் சரிவை அளத்தல் ஆகாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆயினும் அழிவு வந்தவேளையில் மக்கள் அங்கேயே குடியிருந்தனர்.

மண்ணின் தன்மையையும் மழைநீரின் போக்கையும் கணினி உருவம் மட்டும் கூறிவிடாது. அவற்றை ஆராய நிபுணர் வேண்டும். எனினும் நிபுணரின் நிலப்படத்தை வாசிக்க அறியாதவரும், திரையில் தம் மலையைத் திருப்பிப் பார்த்து, தம் வீட்டின் நிலையை அறியலாம். தோட்டப் பாடசாலை மாணவன் ஒருவன் இதனைக் கற்றுத் தன் பெற்றோர்க்குக் காட்டுவானாயின், அவ்வெச்சரிக்கையின் பொருள் லயத்து வாசலையும் எட்டும்.