"நாங்கள்" என்றால் யார்?



ஏறாவூரில் ஒரு குழுக்கடன் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் படிவம் ஒன்று கைமாறி வருகிறது. "ராத்தா, இதில நாங்கள் எண்டு போட்டிருக்கே, அது ஆரு?" என்று ஒரு தங்கச்சி கேட்கிறாள். நல்ல கேள்வி. கையொப்பமிட முன்னர் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

தமிழில் "நாம்" என்றால் கேட்பவரும் சேர்வார்; "நாங்கள்" என்றால் சேரமாட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "வீ" என்ற ஒரே சொல்தான். கம்பனி அனுப்பும் கடிதத்தில் "வீ" என்பது கம்பனி. குழுக்கடன் ஒப்பந்தத்தில் அது கையொப்பமிடும் பெண்களாகிய நீங்கள். அதனோடு "ஜொயின்ட்லி அன்ட் செவரலி" என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பது அதன் பொருள். ஒருத்தி கட்டாவிட்டால் முழுத்தொகையையும் மற்ற எவரிடமும் கேட்கலாம்.

"யூ" என்பது நீ, நீங்கள், ஒருவர், பலர் எல்லோரையும் குறிக்கும். கடிதம் உங்களுக்கு மட்டுமா, குழுவுக்கா என்பதை மேலேயுள்ள பெயரையும் விலாசத்தையும் பார்த்தே அறியலாம். பேச்சில் "யூ நெவர் நோ" என்றால் உங்களைக் குறை சொல்வதல்ல. "யாருக்குத் தெரியும்" என்பதுதான். "தே சே" என்பதும் அப்படியே: "என்று சொல்கிறார்கள்". சொன்னவர் இன்னார் என்று இல்லை. "இட் இஸ் ரெயினிங்" என்பதில் "இட்" எந்தப் பொருளையும் சுட்டாது. நாம் "மழை பெய்கிறது" என்று முடித்துவிடுவோம்.

சட்டப் பத்திரங்களில் "ஹீ" என்று ஆண்பாலில் இருப்பதைக் கண்டு, "இது நமக்கில்லை" என்று விலகிவிடாதீர்கள். இலங்கையின் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின்படி, வேறு கருத்துத் தோன்றாதவிடத்து, சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்களையும் உள்ளடக்கும். நம்முடைய "அவர்" ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதுபோல, இப்போது ஆங்கிலத்தில் "தே" என்பதையும் ஒருவருக்கே எழுதுகிறார்கள். அதைக் கண்டு பலர் என்று எண்ணிவிடக்கூடாது.

கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பே உரிமை தருகிறது. தனியார் கம்பனியிடமும் தமிழ்ப் பிரதி கேட்பதில் வெட்கமில்லை.

பேனையை எடுக்குமுன் ஒவ்வொரு "வீ"க்கும் "யூ"வுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியாத இடத்தில் கையொப்பமும் வேண்டாம், விளங்கும்வரை கேளுங்கள்.