ஏசி வந்துவிட்டது, வயர் தாங்குமா?

2024 ஏப்ரல் 28. பெங்களூரில் வெயில் 38.5 டிகிரி. சென்னைக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் ஃபேன் மாட்டக் கொக்கி கூட வைக்காமல் வீடு கட்டிய ஊர் இது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தபோதே நகரம் லேசாகக் கலங்கியது. 2024இல் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. குளிர்ச்சிக்காகவே இந்த ஊரில் வீடு வாங்கி ஓய்வு பெற்றவர்கள்கூட ஏசி கடையில் வரிசையில் நின்றார்கள்.

ஏசியை மாட்ட வருபவர் பொதுவாக ஒரே கேள்விதான் கேட்கிறார்: 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா? இருக்கிறது என்றால் வேலை முடிந்தது. அந்தப் பாயின்டுக்குப் பின்னால், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று அவரும் கேட்பதில்லை, வீட்டுக்காரரும் யோசிப்பதில்லை.

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ 1970களில் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அன்று அந்த வீட்டில் ஆறேழு குண்டு பல்புகள், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால்தான் மீட்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். எல்லாம் சேர்த்தும் 2 கிலோவாட்டுக்குள் அடக்கம். வயரிங்கும் அதற்கேற்பத்தான். மரச்சட்டத்தின் மேல் ஓடும் மெல்லிய வயர், பல வீடுகளில் அலுமினியம், பீங்கான் ஃப்யூஸ் கட்டை.

இன்று அதே வீட்டில் காலை எட்டு மணிக்கு என்ன நடக்கிறது? குளியலறையில் 2 கிலோவாட் கீசர். சமையலறையில் இன்னொரு 2 கிலோவாட்டை இழுக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு. சம்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் 1 குதிரைசக்தி மோட்டார், அதற்கு முக்கால் கிலோவாட். ஏசியைத் தொடாமலே 20 ஆம்பியருக்கு மேல் போய்விடுகிறது. வயரில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இதை ஃப்யூஸ் தன் உயிரைக் கொடுத்துச் சொல்லும். பலரும் செய்வது, போன ஃப்யூஸுக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கி வைப்பது. அதன்பிறகு உருகவேண்டிய இடத்தில் ஒன்றும் உருகாது. சுவருக்குள் வயரின் மேலுறைதான் கருகும்.

மின்சாரம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பாலக்காட்டிலிருந்து வந்து மைசூரின் திவானான சேஷாத்ரி ஐயரின் காலத்தில் திட்டமிட்ட சிவனசமுத்திரம் மின்நிலையம், 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அந்தச் சுரங்கங்களில் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். 1905 ஆகஸ்டில் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்த மின்சாரத்தின் இன்னொரு முகம், இந்த ஊரில் வயரிங்கும் அவ்வளவு பழசு. தாத்தா போட்டதன் மேல் அப்பா ஒட்டி, அதன் மேல் மகன் ஒட்டிய இணைப்புகள்.

இதில் மிகவும் மறந்துபோன விஷயம் எர்த். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். அன்று அது இரும்புக் குழாய், மண்ணுக்குள் போய்ச் சேரும். பின்னாளில் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். எர்த்தும் அன்றே போயிற்று. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மூன்று துளை பிளக்கின் பெரிய துளை வெறும் அலங்காரமாக நிற்கிறது. கீசரின் உள்கம்பி வெடித்துத் தண்ணீரில் மின்சாரம் கசியும் நாளில்தான் அது தெரியவரும். அப்போது குளிப்பவர் ஈரக் காலோடு நிற்பார்.

அதனால் செலவுத் திட்டம் இங்கே தொடங்கவேண்டும். முதலில் புது எர்த் குழி. அடுத்து மீட்டரிலிருந்து வரும் மெயின் வயர், ஃப்யூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. பெட்டி, கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. காப்பது வயரை. ஆர்.சி.சி.பி. காப்பது மனிதரை. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லையென்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். மூன்றாவதாக கீசர், ஏசி, சமையலறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பாயின்டுக்கு 2.5, ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4 என்பது எலக்ட்ரீஷியன்களின் வழக்கமான கணக்கு. விளக்கு வயரிங்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாலும் குடி முழுகாது. கடைசியில்தான் பளபளக்கும் மாடுலர் சுவிட்சுகள்.

நடப்பது நேர் தலைகீழ். பி.வி.கே. ஐயங்கார் ரோடு கடைகளில் மக்கள் முதலில் தேடுவது சுவிட்சின் நிறத்தை. எர்த் குழி கண்ணுக்குத் தெரியாது, வரும் விருந்தாளி பாராட்டமாட்டார்.

ஆர்.சி.சி.பி. விஷயத்தில் ஒரு சூட்சுமம். பழைய வீடுகளில் ஓர் அறையின் நியூட்ரல் கம்பியை இன்னோர் அறையிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். அங்கே ஆர்.சி.சி.பி.யை மாட்டினால் நாளுக்கு நாலு தடவை விழும். பொறுமையிழந்த வீட்டுக்காரர் அதைக் கழற்றச் சொல்வார், எலக்ட்ரீஷியனும் கழற்றுவார். குற்றம் கருவியில் இல்லை. கடன் வாங்கிய நியூட்ரலைத் தேடிப் பிரிக்க ஒரு நாள், இரண்டு நாள் கூலி ஆகும். அதைப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

மதிப்பீடு கேட்கும்போது பாயின்டுக்கு இவ்வளவு என்ற ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வருவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்த அளவு வயர், எந்த கம்பெனி, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, சுவரைக் கொத்தியபின் பூசுவது யார், பெயின்ட் யார் பொறுப்பு, எல்லாம் காகிதத்தில் வரவேண்டும். வயரைவிடச் சுவர் கையைக் கடிப்பது உண்டு. கொத்தி, பூசி, வர்ணமடிக்கும் செலவை எலக்ட்ரீஷியனின் கணக்கில் தேடினால் கிடைக்காது. எப்படியும் வெள்ளையடிக்க இருக்கும் வருடத்தில் வயரிங்கையும் சேர்த்துச் செய்வது சிக்கனம். அது முடியாதவர்களுக்குச் சுவருக்கு வெளியே ஓடும் பி.வி.சி. சேனல் இருக்கிறது. அழகு குறைவுதான், பத்திரம் குறைவில்லை. வயரின் விலை செம்பு விலையோடு ஆடும். அதனால் மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய மதிப்பீட்டை நம்பாமல் பத்து, பதினைந்து சதவீதம் கையிருப்பு வைக்கவேண்டும்.

வயர் மட்டும் தடித்தால் போதாது. பெஸ்காம் ஏட்டில் வீட்டுக்கு அனுமதித்த சுமையையும் உயர்த்தவேண்டும். உயர்த்தினால் மாதாமாதம் நிலைக் கட்டணம் ஏறும். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டண ஆணைப்படி அது கிலோவாட்டுக்கு 120 ரூபாயிலிருந்து 145 ஆனது. யூனிட் கட்டணம் அந்த ஆணையில் 5.80. பாதுகாப்பு வைப்புத் தொகையும் ஏறும். இந்தக் கணக்குக்குப் பயந்து சுமையைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. மிஞ்சிய சுமையை மீட்டர் பதிவு செய்துவிடும், அதற்குத் தண்டம் தனி.

நடுத்தரக் குடும்பங்களுக்கு உண்மையான அடி வேறொரு இடத்தில். 2023இல் கர்நாடக அரசு கொண்டுவந்த கிருஹ ஜோதி திட்டத்தில், 2022-23ஆம் ஆண்டின் சராசரி உபயோகத்தோடு சிறிது கூட்டி, மாதம் அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் உண்டு. தகுதி அளவைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் பணம். 3 கிலோவாட் இணைப்பு உள்ள ஒரு வீடு 200 யூனிட் முழுவதும் தகுதி பெற்றிருந்தால் பில் பூஜ்யம். 201ஆவது யூனிட் ஓடினால், மேலே சொன்ன விலையில் மின்சாரத்துக்கு சுமார் 1,166 ரூபாய், நிலைக் கட்டணம் 435, ஆக 1,600 ரூபாய். வரி தனி. ஒரே ஒரு யூனிட்டின் விலை!

ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்து, இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட். 120 யூனிட்டில் இருந்த குடும்பம் 300க்குத் தாவிவிடும். அங்கே தப்பிக்க வழியில்லை, ஏப்ரல், மே இரண்டு மாத பில்லை ஏசி விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டியதுதான். ஆனால் 200ஐ ஒட்டி ஊசலாடும் வீடுகளுக்கு மலிவான வைத்தியம் உண்டு. 75 வாட் ஃபேனைக் கழற்றி 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டுவது. நான்கு ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 65 யூனிட் மிச்சம். பெங்களூர்க் குளிரில் ஆறு மாதம் ஃபேனே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு பலிக்காது என்பதையும் சொல்லியாகவேண்டும். தினம் அரை மணி நேரம் ஓடும் 2 கிலோவாட் கீசர் மாதம் 30 யூனிட் தின்கிறது. நகரத்து மொட்டைமாடிகளில் வரிசையாகத் தெரியும் சோலார் வெந்நீர்த் தொட்டிகள் அந்தச் செலவைத்தான் விழுங்குகின்றன.

வாடகைக்காரர் பாடு தனிக்கதை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஏசியைக் கழற்றிக்கொண்டு போகலாம், சுவருக்குள் போட்ட 4 சதுர மில்லிமீட்டர் வயரைக் கொண்டுபோக முடியாது. வீட்டுக்காரர் தரமாட்டேன் என்கிறார், குடியிருப்பவரும் ஏன் தரவேண்டும் என்கிறார், நடுவில் ஏசி விளக்கு வயரில் ஓடுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் வயர் செலவை வாடகையில் கழிக்கப் பேசி எழுதிக்கொள்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் நடுவில். மார்ச் பிறந்துவிட்டால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையில் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் அவர் சொன்னதுதான் கூலி. முடிந்ததும் மெகர் வைத்து வயரின் காப்பைச் சோதிக்கச் சொல்லவேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவர் எதிரிலேயே அமுக்கிப் பார்க்கவேண்டும். விழுந்தால்தான் மீதிப் பணம். சுவரிலிருந்து உருவிய பழைய செம்பு வயர் சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் எடைக்குப் போகும். அந்தக் காசு வீட்டுக்காரருக்கா, வேலை செய்தவருக்கா என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுவது உத்தமம்.