நடுவானில் அணையும் வெளிச்சம்

மாலை ஏழு மணி. மொட்டை மாடியில் நிற்கிறீர்கள். மேற்கு அடிவானத்திலிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்புகிறது. விமானம் போலச் சிமிட்டவில்லை, சத்தமும் இல்லை. எரிகல் போல ஒரு நொடியில் மறையவும் இல்லை. நிதானமாக உச்சிக்கு ஏறி, கிழக்கே இறங்கும் வழியில், மேகமே இல்லாத இடத்தில் மங்கி அணைந்துவிடுகிறது.

நீங்கள் பார்த்தது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் ஓடும் அது, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. நம் தலைக்கு மேல் கடக்க ஐந்தாறு நிமிடம்தான்.

ஏன் அந்தியில் மட்டும்?

செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதன்மேல் படும் வெயில்தான் நம் கண்ணுக்கு எட்டுகிறது. மலையடிவாரம் இருட்டிய பிறகும் உச்சியில் வெயில் ஒட்டியிருக்கும் அல்லவா? அதே கணக்குதான். கீழே இருட்டியிருக்க வேண்டும், மேலே வெயில் அடிக்க வேண்டும். பொழுது சாய்ந்த பின்பும், விடிவதற்கு முன்பும்தான் இரண்டும் ஒன்றாக வாய்க்கும்.

நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், தலைக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் வெயில் போய்விடும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் அடிவானத்துக்கு அதிகம் கீழே போவதில்லை. அங்கே நள்ளிரவிலும் விண்வெளி நிலையத்தைப் பார்க்க முடியும்.

எவையெல்லாம் தெரியும்?

109 மீட்டர் நீளமுள்ள விண்வெளி நிலையம் சில நாள் வெள்ளிக் கிரகத்துக்கு இணையாக மின்னும். சென்னையின் தெருவிளக்குகளாலும் அதை மறைக்க முடியாது. சீனாவின் தியாங்கோங் நிலையமும் கண்ணுக்குத் தெரியும். ஹபிள் தொலைநோக்கி சற்று மங்கல். ஆனால், நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும் அது லண்டன் வானத்தில் எழுவதே இல்லை. தமிழ்நாட்டுக்கோ தலைக்கு மேலேயே வரும்.

விட்டுவிட்டு மின்னும் புள்ளி, பெரும்பாலும் வேலை முடிந்து உருண்டுகொண்டிருக்கும் ராக்கெட் பாகம். 1957இல் 'ஸ்புட்னிக்' என்று உலகம் அண்ணாந்து பார்த்ததும் பெரும்பாலும் அதை ஏற்றிச்சென்ற ராக்கெட்டைத்தான். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வெறும் 58 செ.மீ. உருண்டை. வரிசையாக ரயில்பெட்டிகள் போலப் போனால், அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 முதல் இவை பெருகிவருவதால், தொலைநோக்கிப் படங்களில் கோடு விழுகிறது என்று வானியலாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

டிவி நிகழ்ச்சிகளை அனுப்பும் செயற்கைக்கோள்கள் மட்டும் வெறுங்கண்ணுக்குச் சிக்காது. அவை இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுவதால், வானில் நின்ற இடத்திலேயே நிற்கும். கூரை மேல் டிஷ் ஒரே திசையைப் பார்த்திருப்பது அதனால்தான்.

எப்படிப் பார்ப்பது?

நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சேவை, உங்கள் ஊருக்கான நேரத்தையும் திசையையும் முன்கூட்டியே சொல்லும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் முன்பே மாடியேறுங்கள். தொலைநோக்கி வேண்டாம்.

புள்ளி அணையும் இடத்தைத் தவறவிடாதீர்கள். பூமியின் நிழல் அங்கே தொடங்குகிறது. கீழே உங்களுக்கு எப்போதோ மறைந்த சூரியன், அந்த நிலையத்தில் இருப்பவர்களுக்கு அந்த நொடியில்தான் மறைகிறது.