பிரித்தால் மட்டும் போதுமா?

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே, அகத்தியமலைச் சாரலில், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டப் பகுதி இருக்கிறது. பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்த மலை அது. அத்தகைய தோட்டமொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நாளொன்றுக்கு இத்தனை ராத்தல் கொழுந்து கிள்ள வேண்டுமென விதி வகுப்பவர் துரை. நிறுத்துக் கணக்கெழுதுவோர் துரையின் ஆட்கள். எடையில் குறைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் முறையிட்டால், விசாரித்துத் தீர்ப்புக் கூறுபவரும் துரையே. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அப்பெண்ணின் கூலி அவருடைய நற்குணம் ஒன்றையே நம்பி நிற்கிறது. அவருக்குப் பின் வருபவர் எப்படியோ?

ராஜ்யத்தைக் குறித்தும் இதே வினா எழுகிறது. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்க்யூ 1748-இல் வெளியிட்ட ‘சட்டங்களின் ஆன்மா’ என்னும் நூலில் இதற்கு விடை தேடினார். சட்டம் இயற்றுதல், அதை நிறைவேற்றுதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேர்ந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இராது. ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரமே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் காரியக்காரர் என்னும் அதிகாரியே வரி தண்டினார், வழக்கையும் விசாரித்தார். 1811 முதல் 1814 வரை திவானாக இருந்த கர்னல் மன்றோ, அவர்களைத் தாசில்தார்களாக்கி, நீதி வழங்கத் தனி நீதிமன்றங்களை அமைத்தார். ஆனால் அவரே பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் இருந்தார்! கீழே பிரிந்த அதிகாரம் மேலே ஒன்றாகவே இருந்தது. 1888-இல் சட்டசபை ஏற்பட்டபோதும், அதற்குத் தலைமை வகித்தவர் நிர்வாகத் தலைவரான திவானே.

1946-ஆம் ஆண்டு திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் புதியதோர் அரசியல் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, சட்டசபையும் உண்டு, ஆனால் அச்சபை திவானை விலக்க முடியாது. நிர்வாகம் சட்டசபையினின்று தனித்து நிற்கும் அமெரிக்க முறை இது என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது.

பிரிவினை உண்டு என்பது மெய்தான். ஆனால் அமெரிக்க ஜனாதிபதியை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறிழைத்தால் காங்கிரஸ் சபை குற்றம் சாட்டி விசாரித்து அவரைப் பதவியினின்று நீக்கலாம். அவர் மறுத்த மசோதாவையும் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் ஆதரவுடன் சட்டமாக்கலாம். திவானையோ மகாராஜாவே நியமித்தார். வேலி இருந்தது, வேலியைக் காப்பவரைக் கேட்பாரில்லை.

“அமெரிக்க மாதிரி அரபிக் கடலில்” என்று மக்கள் முழங்கினர். பட்டினியாலும் குறைந்த கூலியாலும் ஏற்கெனவே வாடியிருந்த ஆலப்புழைப் பகுதித் தொழிலாளர்கள் அவ்வாண்டு அக்டோபரில் கிளர்ந்தெழுந்தனர். புன்னப்பிரையிலும் வயலாரிலும் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். 1947 ஆகஸ்டில் திவான் பதவி விலகினார். 1948-இல் தேர்தல் நடந்து, பட்டம் தாணுப் பிள்ளை தலைமையில் சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிசபை ஏற்பட்டது.

நமது அரசியல் சட்டத்தின்படி மந்திரிகள் சட்டசபையிலேயே அமர்கிறார்கள். பிரிவினை அமெரிக்காவில் உள்ள அளவு இல்லை. ஆயினும் தடுக்கும் உரிமை இருக்கிறது. சபை நம்பிக்கை இழந்தால் மந்திரிசபை விலக வேண்டும். சட்டம் வரம்பு மீறினால் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கும். 1973-இல், கேரளத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகளுள் 7 பேர், பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாமேயன்றி அதன் அடிப்படை அமைப்பைக் குலைக்கலாகாது என்று தீர்ப்பளித்தனர். அதிகாரப் பிரிவினையும் அவ்வடிப்படையில் ஒன்றெனத் தலைமை நீதிபதி சிக்ரி எழுதினார்.

ஆகவே, நேயர்களே, அதிகாரம் எத்தனை கூறாகப் பிரிந்திருக்கிறது என்பதோடு நில்லாமல், ஒன்று தவறினால் மற்றொன்று அதைத் தடுக்க இயலுமா என்றும் கேட்க வேண்டும். தராசைப் பிடித்தவரைக் கேள்வி கேட்க வேறொருவர் இருந்தால்தான் கொழுந்து கிள்ளிய கைக்கு உரிய கூலி உறுதியாகும்.